அறை வெப்பநிலை மீக்கடத்தி (மின்தடையே இல்லாமல் மின்சாரம் கடத்தி, காந்தப்புலத்தையும் வெளியே தள்ளும் பொருள்) கண்டுபிடித்துவிட்டதாக ஒரு ஆய்வுக் கட்டுரை வந்தால், அது உண்மையா என்று எப்படிச் சரிபார்ப்பது?

மின்தடை வரைபடத்தைக் கடைசியில் பாருங்கள். எல்லோர் கண்ணும் முதலில் அங்கேதான் போகும், ஆனால் அளந்தவரையே ஏமாற்றக்கூடியதும் அதுதான். காந்த அளவீடு இருக்கிறதா, மாதிரியின் கன அளவு சொல்லியிருக்கிறார்களா, மூலத் தரவு இணைத்திருக்கிறார்களா? இந்த மூன்றும் இல்லாத கட்டுரையை அவசரமாகப் படிக்க வேண்டியதில்லை.

"மின்தடை பூச்சியம்" என்றால் கருவியின் இரைச்சலுக்குக் கீழே போய்விட்டது என்று மட்டுமே பொருள். அந்த இரைச்சல் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு முனை முறையில் வெளிமுனைகள் இரண்டின் வழியே மின்னோட்டம் செலுத்தி, உள்முனைகள் இரண்டுக்கு நடுவே மின்னழுத்தத்தை அளப்பார்கள். 1 மில்லிஆம்பியர் செலுத்துகிறோம், மின்னழுத்தமானியின் இரைச்சல் 10 நானோவோல்ட் என்று வையுங்கள். அப்படியானால் 10 மைக்ரோஓமுக்குக் கீழே எதுவும் தெரியாது. மாதிரியின் குறுக்குவெட்டு 1 சதுர மில்லிமீட்டர், உள்முனைகளின் இடைவெளி 3 மில்லிமீட்டர் என்றால், இது ஏறக்குறைய 3.3×10⁻⁹ ஓம்-மீட்டர் மின்தடை எண்ணுக்கு (மாதிரியின் அளவைச் சாராத மின்தடை அளவு) சமம். சாதாரணத் தாமிரம் அறை வெப்பநிலையில் 1.7×10⁻⁸. அதாவது அந்தப் "பூச்சியம்" தாமிரத்தைவிட ஐந்து மடங்குதான் கீழே இருக்கிறது! தாமிரத்தைவிடச் சில ஆயிரம் மடங்காவது கீழே இறங்கிக் காட்டாத பூச்சியத்தை நான் கணக்கில் எடுக்கமாட்டேன்.

இன்னொரு பொறி வெப்ப மின்னியக்கு விசை. பற்றவைத்த முனைகளுக்கு இடையே ஒரு டிகிரி வேறுபாடு இருந்தாலே சில மைக்ரோவோல்ட் தானாக உருவாகும். மின்னோட்டத்தின் திசையை மாற்றி மாற்றி அளந்து, இரண்டு அளவீடுகளின் வித்தியாசத்தில் பாதியை எடுத்தால் அது கழிந்துவிடும். செய்முறைப் பகுதியில் இதைப் பற்றி ஒரு வரி கூட இல்லையென்றால் சந்தேகப்படலாம்.

இதைவிட மோசமானது முனை கழன்றுகொள்வது. மாதிரி ஒரே சீராக இல்லாமல், குளிரும்போது விரிசல் விட்டால், மின்னோட்டம் வேறு வழியைத் தேடிக்கொள்ளும். உள்முனைகள் இருக்கும் பகுதியில் மின்னோட்டமே இருக்காது. மின்னழுத்தம் பூச்சியமாகும், சில நேரம் எதிர்க்குறிக்கும் போகும். எதிர்க்குறி தெரிந்தால் அது மின்னோட்டப் பரவல் கோளாறு என்று உடனே புரிந்துவிடும். ஆனால் மடக்கை அச்சில் வரைந்தால் எதிர்க்குறி எண்கள் காணாமலே போய்விடும், அதனால் மடக்கை வரைபடம் மட்டும் கொடுத்திருந்தால் நேர் அச்சிலும் கேளுங்கள். மாறுதிசை மின்னோட்டத்தில் பூட்டுப் பெருக்கி (ஒரே அதிர்வெண்ணின் சமிக்ஞையை மட்டும் பிரித்தெடுக்கும் கருவி) கொண்டு அளந்திருந்தால், மின்னோட்டத்தோடு கட்டம் விலகிய பகுதியையும் காட்டச் சொல்லுங்கள். மின்தடை விழும் அதே இடத்தில் அது எகிறினால் முனை கெட்டுவிட்டது என்று பொருள்.

சரி, முனை நன்றாகவே இருக்கிறது, மின்தடை உண்மையிலேயே ஆயிரம் மடங்கு விழுந்தது என்றே வைப்போம். அப்போதும் மீக்கடத்தி என்று ஆகிவிடாது. 2023 ஜூலையில் உலகையே பரபரப்பாக்கிய எல்கே-99 இதற்கு நல்ல பாடம். ஈயமும் தாமிரமும் கலந்த அந்தப் பாஸ்பேட்டைச் செய்யும் வினையிலேயே தாமிர சல்பைடும் சேர்ந்து உருவாகிறது. தாமிர சல்பைடு சுமார் 104 டிகிரி செல்சியஸில் படிக அமைப்பை மாற்றிக்கொள்ளும், அப்போது அதன் மின்தடை பல ஆயிரம் மடங்கு மாறும். கட்டுரையில் காட்டிய வீழ்ச்சியும் அதே இடத்தில்தான் இருந்தது. தாமிர சல்பைடு இல்லாமல் வளர்த்த தூய படிகம் ஊதா நிறத்தில் ஒளி ஊடுருவும் மின்காப்பியாக வந்தது!

படிக மாற்றத்தையும் மீக்கடத்தி மாற்றத்தையும் பிரித்தறிய இரண்டு சோதனைகள் போதும். ஒன்று, சூடேற்றும்போதும் குளிர்விக்கும்போதும் தனித்தனியாக அளப்பது. படிக மாற்றத்தில் இரண்டு கோடுகளும் விலகி நிற்கும். வெளிக் காந்தப்புலம் இல்லாத மீக்கடத்தி மாற்றத்தில் ஒன்றின்மேல் ஒன்று விழ வேண்டும். (வேகமாக ஓட்டினால் வெப்பமானி பின்தங்கிப் போலி விலகல் வரும், அதனால் நிமிடத்துக்கு ஒரு டிகிரிக்கும் குறைவாக ஓட்ட வேண்டும்.) இரண்டு, 9 டெஸ்லா போன்ற வலுவான புலத்தில் திரும்ப அளப்பது. மீக்கடத்தியின் மாற்றம் கீழே நகரும், அல்லது அகலமாகும். படிக மாற்றம் அசையாது.

இனி காந்தம். காந்த ஏற்புத்திறன் என்பது வெளிப்புலத்தில் ஒரு பொருள் எவ்வளவு காந்தமாகிறது என்பதன் அளவு, எதிர்க்குறி என்றால் புலத்துக்கு எதிராக. மீக்கடத்தியின் காந்த ஏற்புத்திறன் −1. பைரோலிடிக் கிராஃபைட்டில் அது ஏறக்குறைய −0.0004தான், ஆனாலும் அறை வெப்பநிலையிலேயே நியோடிமியம் காந்தத்தின் மேல் மிதக்கும். எனவே மிதக்கும் காணொளி எதற்கும் சாட்சி ஆகாது. ஒரு முனை தரையைத் தொட்டபடி சாய்ந்து நிற்பது இரும்புக் காந்தத் தன்மையுள்ள துகளாலும் நடக்கும்.

1 மில்லிடெஸ்லா புலத்தில் 1 கன மில்லிமீட்டர் மீக்கடத்தி சுமார் 8×10⁻⁷ ஆம்பியர்-சதுர மீட்டர் காந்தத் திருப்புத்திறன் தரும். நல்ல ஸ்க்விட் காந்தமானி (மிக நுண்ணிய காந்தத்தையும் அளக்கும் கருவி) 10⁻¹¹ வரை பார்க்கும். அவ்வளவு பெரிய சமிக்ஞை வர வேண்டிய இடத்தில் இரைச்சலிலிருந்து தோண்டி எடுத்த சின்ன எதிர்க்குறி காட்டினால், மாதிரியில் மீக்கடத்தி மிகச் சிறு பங்கு, அல்லது இல்லவே இல்லை. கன அளவு சொல்லாமல் "டயாகாந்தம் தெரிகிறது" (புலத்துக்கு எதிராகக் காந்தமாகிறது) என்று எழுதுவதில் பயனில்லை.

புலமில்லாமல் குளிர்விப்பது, புலத்தோடு குளிர்விப்பது என இரண்டு கோடுகளும் வேண்டும். முதலாவது, தடையற்ற எந்தக் கடத்தியும் புலத்தை மறைப்பதைத்தான் காட்டும். உள்ளே இருந்த புலத்தை வெளியே தள்ளுவதுதான் 1933இல் மெய்ஸ்னரும் ஓக்சன்ஃபெல்டும் கண்டது, அது இரண்டாவதில் தெரியும். காந்தப்புலச் சுழல்கள் உள்ளே சிக்கிக்கொள்ளும் மாதிரிகளில் அந்தப் பங்கு சிறியதாகவே இருக்கும், அதை வைத்து நிராகரிக்க வேண்டாம். ஒரு நுணுக்கம்: காந்தமானியின் மீக்கடத்திச் சுருளை முன்பு 5 டெஸ்லாவுக்கு ஏற்றியிருந்தால் ஓரிரு மில்லிடெஸ்லா எச்சப் புலம் எதிர்த்திசையில் தங்கியிருக்கும். திரையில் +1 மில்லிடெஸ்லா என்று காட்டும்போது உள்ளே −1 இருந்தால், புலத்தின் திசையிலேயே காந்தமாகும் பாராகாந்தப் பொருளும் டயாகாந்தமாகத் தெரியும். பாராகாந்தமான பல்லேடியம் துண்டு ஒன்றை வைத்து முதலில் குறியைச் சரிபார்க்க வேண்டும்.

உயர் அழுத்தக் கட்டுரைகளில் கதை வேறு. வைர அழுத்தக் கலத்துக்குள் மாதிரி சில பத்து மைக்ரோமீட்டர்தான், கலத்தின் சமிக்ஞை அதை மூழ்கடித்துவிடும். பின்புலத்தைக் கழித்த பிறகே எதுவும் தெரியும் என்பதால், கழித்த விதம்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 2020இல் நேச்சர் ஆய்விதழில் வந்த கார்பன்-சல்ஃபர்-ஹைட்ரஜன் கட்டுரை 2022இல் திரும்பப் பெறப்பட்டதற்குக் காரணமே இந்தப் பின்புலக் கழிப்பு பற்றிய கேள்விகள். ஹைட்ரைடு (ஹைட்ரஜன் சேர்மம்) என்றால் ஐசோடோப்புச் சோதனையும் கேளுங்கள்: 203 கெல்வினில் மாறும் ஹைட்ரஜன் சல்ஃபைடில் ஹைட்ரஜனுக்குப் பதில் அதன் கனமான வடிவமான டியூட்டீரியம் வைத்தால் சுமார் 150 கெல்வினுக்கு இறங்குகிறது.

கடைசியாக, இரைச்சலையே உற்றுப் பாருங்கள். 2018இல் தங்கம்-வெள்ளி நானோ துகள்கள் பற்றிய கட்டுரையில், வெவ்வேறு புலங்களில் அளந்த இரண்டு கோடுகளின் இரைச்சல் புள்ளிக்குப் புள்ளி ஒன்றாக இருந்ததை இயற்பியலாளர் பிரையன் ஸ்கின்னர் கவனித்தார். அதற்கு ஆய்வகம் தேவைப்படவில்லை. ஒரு கோட்டிலிருந்து இன்னொன்றைக் கழித்து வரைந்தால், சிதறல் இருக்க வேண்டிய இடத்தில் வழவழப்பான கோடு வரும்.