தட்டில் ஒரு விலை, பில்லில் ஒரு விலை

கேள்வி: கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிறேன். வீட்டுக்குக் கிட்ட உள்ள சுப்பர் மார்க்கெட்டில்தான் எல்லாச் சாமானும் வாங்குவது. போன கிழமை இடியப்ப மா பக்கெட் ஒன்றுக்குத் தட்டில் 290 ரூபா என்று இருந்தது. வீட்டுக்கு வந்து பார்த்தால் பில்லில் 340. திரும்பப் போய்க் கேட்டேன். காசாளர் பிள்ளை சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு, சிஸ்டத்தில் அப்படித்தான் என்று முடித்துவிட்டா. எனக்குச் சிங்களம் அரைகுறை, பின்னால் வரிசை வேறு. 50 ரூபாவுக்குச் சண்டை பிடிப்பதா என்று வந்துவிட்டேன். விட்டது சரியா?

பதில்: உங்கள் காசை நீங்கள் கேட்பது சண்டை இல்லை. ஆனால் முதலில் பக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அதில் அச்சடித்த உச்ச சில்லறை விலை 340இற்குக் குறைவு என்றால் பேச்சுக்கே இடமில்லை, அது குற்றம். 2021இல் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தைத் திருத்தியபோது தண்டத்தைக் கடுமையாக ஏற்றினார்கள். கூட்டி விற்ற கடை கம்பனியாக இருந்தால் 5 இலட்சம் முதல் 50 இலட்சம் ரூபா வரை கட்ட நேரிடும். தண்ணீர்ப் போத்தலைக் கொஞ்சம் கூட்டி விற்றுப் பல இலட்சம் கட்டிய கடைகள் உண்டு.

பக்கெட்டிலேயே 340 என்று இருந்தால் கதை வேறு. தட்டில் உள்ள விலைத்துண்டு ஏன் பிழைக்கிறது? சில நேரம் அது லோயல்டி கார்ட் உள்ளவர்களுக்கான விலை. அதைப் பெரிதாகவும் சாதாரண விலையைக் கீழே பொடி எழுத்திலும் போடுவார்கள். சில நேரம் துண்டு பக்கத்துச் சாமானுடையது. நானே ஒருமுறை சின்னப் போத்தலின் துண்டைப் பார்த்துப் பெரிய கித்துள் பாணிப் போத்தலைத் தூக்கி வந்து, காசாளரோடு வாதாடி, அப்புறம் அசடு வழிந்திருக்கிறேன். துண்டில் கிராம் கணக்கும் இருக்கும், அதையும் சேர்த்து வாசியுங்கள்.

இது இரண்டும் இல்லை, சலுகை முடிந்தும் துண்டைக் கழற்றவில்லை என்றால் பிழை கடையுடையது. நுகர்வோரைத் தவறாக வழிநடத்தக் கூடாது என்று அதே சட்டம் சொல்கிறது. துண்டில் உள்ள விலைக்குத் தாருங்கள், இல்லையென்றால் காசைத் திருப்பித் தாருங்கள் என்று கேளுங்கள்.

கேட்க வேண்டியது காசாளரிடம் அல்ல. அந்தப் பிள்ளையால் விலையை மாற்ற முடியாது, சுப்பர்வைசர் வந்துதான் மாற்ற வேண்டும். தட்டையும் துண்டையும் போனில் படம் எடுத்துக்கொண்டு அவரைக் கூப்பிடச் சொல்லுங்கள். மொழிக்குப் பயப்படாதீர்கள். உங்கள் பக்கத்துக் கடைகளில் மரக்கறி நிறுக்கும் தம்பி பெரும்பாலும் மலையகத்துப் பிள்ளையாக இருப்பார், இரண்டு மொழியும் சரளம். “தம்பி, ஒருக்கா வந்து சொல்லுங்கோ” என்றால் போதும். அதுவும் இல்லையா, படத்தையும் பில்லையும் பக்கத்தில் வைத்து “கான வெனஸ்” என்று சொல்லுங்கள். விலை வித்தியாசம் என்பது விளங்கிவிடும். மனேஜர்மார் அநேகமாக அந்த 50 ரூபாவை அங்கேயே தந்துவிடுவார்கள்.

தரமாட்டேன் என்றால் 1977இற்கு அழையுங்கள், அதிகார சபையின் இலக்கம் அது. எழுத்தில் முறையிடுவதானால் வாங்கி மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். தமிழிலேயே எழுதலாம். பில்லை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள். அந்த வழவழத் தாளில் எழுத்து நாளாக நாளாக மங்கிவிடும்.

கேள்வி: சாமான் போடும் பைக்கும் காசு எடுக்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: எடுக்கத்தான் வேண்டும். கைபிடி வைத்த பொலித்தீன் பையை 2025 நவம்பர் 1 முதல் சும்மா கொடுக்கக் கூடாது. ஆனால் பையின் விலையைக் கடையில் காட்ட வேண்டும், பில்லிலும் தனியாகப் போட வேண்டும். நீங்கள் கேட்காமலே பையில் போட்டுக் காசு சேர்த்தால், சாமானை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பையைத் திருப்பிக் கொடுங்கள்.