மூன்றாவது நீட்டா, தவளையா?

அம்மா, உங்கள் மகள் அடுத்து என்ன படிப்பது என்று போன வாரம் முக்கால் மணி நேரம் பேசினோம். அதில் பாதி, அவளுடைய பெரியப்பா சொன்னதுதான். இரண்டு முறை நீட் எழுதியாயிற்று, 7.5 சதவீத உள்ஒதுக்கீட்டிலும் இடம் கிடைக்கவில்லை. இன்னொரு வருடம் கோச்சிங், அதுவும் சரிவராவிட்டால் வீட்டை அடமானம் வைத்து வெளிநாட்டில் எம்பிபிஎஸ். "பொண்ணு டாக்டரானா கடன் தானா அடைஞ்சிடும்" என்கிறாராம்.

பத்திரத்தில் கையெழுத்துப் போடப்போவது அவரில்லை, நீங்கள். வீட்டை வைக்காதீர்கள். வெளிநாட்டில் படித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வு எழுத வேண்டும்; எழுதுபவர்களில் பாதிக்கும் மேல் தேறுவதில்லை.

நர்சிங், பார்மசி பற்றி யாரிடம் கேட்டாலும் சொல்வார்கள், விடுங்கள். நீங்கள் போன் பேச வெளியே போனபோது அவள் பையிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்துக் காட்டினாள். ஐப்பசி மழையில் வாய்க்கால் மேட்டில் தவளைகளைப் பார்த்து எழுதியது. "பின்காலில் தழும்பு உள்ளவன். டார்ச் அடித்தால் எல்லாம் தண்ணீரில் குதிக்கும். முதலில் திரும்பி வருவது இவன்தான். ஆறு ராத்திரியில் ஐந்து." இதை ராத்திரி ஊர் சுற்றுவது என்றீர்கள். விலங்குகளின் குணத்தை இப்படிக் கவனித்து ஆராய்வதற்கு உலகத்தில் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஆஸ்திரேலியாவில் கரும்பு வண்டைத் தின்னும் என்று நம்பி 1935-இல் ஹவாயிலிருந்து நூறு தேரைகளுக்குச் சற்று மேல் கொண்டுவந்தார்கள். வண்டு போகவில்லை, தேரைதான் நாடு பிடித்தது. முதலில் வருடத்துக்குப் பத்து கிலோமீட்டர் போல நகர்ந்தது, இப்போது அது பரவிக்கொண்டிருக்கும் மேற்கு எல்லையில் ஐம்பது தாண்டுகிறது. ஏன்? சிட்னியிலிருந்து உயிரியலாளர் ரிக் ஷைன் குழுவினர் பல வருடம் இதன் பின்னால் அலைந்தார்கள். எல்லையில் இருப்பவற்றுக்குக் கால் நீளம். கூடவே குணமும் வேறு. புது இடத்தில் விட்டால் பதுங்காமல் சுற்றிப் பார்ப்பவை அவை. எல்லைத் தேரைகள், முதலில் பரவிய இடத்துத் தேரைகள் இரண்டின் குஞ்சுகளையும் ஒரே மாதிரி வளர்த்துப் பார்த்தார்கள். எல்லைத் தேரையின் பிள்ளைகள் மற்ற தேரைகளின் பக்கத்தில் குறைவாகவே தங்கின. தனிமை விரும்பும் குணம், வளர்ப்பில் வந்ததில்லை!

இன்னும் கிட்டே வருகிறேன். உங்கள் வயலில் மழைக்கு மஞ்சளாக மாறிக் கத்துகிறதே பெரிய தவளை, அது இங்கே நம் ஊர்க்காரன். அந்தமானிலோ வந்தேறி. 2000-க்குப் பிறகு மீன்குஞ்சுகளோடு கலந்தும், தின்பதற்கென்று கொண்டுபோயும் பரவியது. அதன் தலைப்பிரட்டைகளோடு உள்ளூர்த் தவளைகளின் தலைப்பிரட்டைகளை ஒரே தொட்டியில் விட்ட ஆய்வில் உள்ளூரின் ஒன்றுகூட மிஞ்சவில்லை. எது துணிந்து முன்னால் போகிறது என்று தெரிந்தால்தான் எங்கே தடுப்பது என்று தெரியும். ஆறு ராத்திரி டார்ச்சோடு அவள் பார்த்ததும் இதைத்தான்.

வழி சொல்கிறேன். இந்த வருடமே பக்கத்து அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. விலங்கியல். அரசுப் பள்ளியில் படித்தவள், புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். மூன்று வருடத்துக்கு வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். அப்புறம் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியில் எம்.எஸ்சி. வனவிலங்கு உயிரியல், இல்லையென்றால் டேராடூன் இந்திய வனவிலங்கு நிறுவனம், பெங்களூரு என்.சி.பி.எஸ். என்கிற தேசிய உயிரியல் ஆய்வு மையம். அங்கே போட்டி கடுமை, இடம் கொஞ்சம். என்.சி.பி.எஸ். இரண்டு வருடத்துக்கு ஒருமுறைதான் சேர்க்கிறது, தேதியைக் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். நெட் என்கிற தேசியத் தகுதித் தேர்வு எழுதி, ஜே.ஆர்.எஃப். என்கிற இளநிலை ஆய்வாளர் தகுதி வாங்கினால் ஆராய்ச்சிப் படிப்புக்கு மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை.

உடனே வேலை கிடைக்கும் என்று சொல்லமாட்டேன். முனைவர் பட்டம் முடிய பத்து வருடம் ஆகும், நடுவில் ஒப்பந்த வேலை, காட்டில் அட்டைக்கடி. அவளிடமும் சொன்னேன். "அட்டை பரவாயில்லை சார், ஆர்கானிக் கெமிஸ்ட்ரி மறுபடியும் வேண்டாம்" என்றாள்.

பெரியப்பா கேட்டால் என் எண்ணைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன். அந்த நோட்டைப் பழைய பேப்பர்க்காரரிடம் போட்டுவிடாதீர்கள். நேர்காணலுக்கு அவள் எடுத்துக்கொண்டு போகவேண்டியது அது.