பிசியோ டெக்னீஷியன் படிப்பு: முன்பணம் கட்டும் முன்

வணக்கம் அம்மா. மகள் பிளஸ் டூவில் பயாலஜி குரூப், மார்க் சுமார், நர்சிங் வேண்டாம் என்கிறாள், ஊரில் உள்ள சென்டரில் ‘ஒரே வருடத்தில் பிசியோதெரபி, வேலைக்கு உத்தரவாதம்’ என்கிறார்கள், சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

ஒரு வருடத்தில் பிசியோதெரபிஸ்ட் ஆக முடியாது. அதற்கு பி.பி.டி. எனும் பிசியோதெரபி இளநிலைப் பட்டம் வேண்டும், நாலு வருடப் படிப்பு, அதன்மேல் இன்டெர்ன்ஷிப். ஒரு வருடத்தில் ஆகக்கூடியது டெக்னீஷியன், அதாவது பிசியோவுக்குக் கீழே நின்று உதவுகிறவர். நோயாளியைப் பரிசோதித்து என்ன சிகிச்சை என்று முடிவெடுப்பவர் பிசியோ. கருவியைத் தயார் செய்வது, ஒத்தடம் வைப்பது, சொல்லிக் கொடுத்த பயிற்சியை நோயாளி சரியாகச் செய்கிறாரா என்று கூடவே இருந்து பார்ப்பது டெக்னீஷியன் வேலை. இரண்டுமே மரியாதையான வேலைதான். ஆனால் ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்கிறார்கள், அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வேலை எப்படி இருக்கும் என்று மகளுக்குத் தெரியுமா? வெந்நீர்த் தொட்டியில் ஊறும் ஹாட் பேக்கை எடுத்து, டவலில் பல மடிப்பாகச் சுற்றி முதுகில் வைக்க வேண்டும். வைத்துவிட்டுப் போனில் மூழ்கிவிட முடியாது. சில நிமிடத்தில் டவலை விலக்கித் தோல் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சர்க்கரை நோய் முற்றியவர்களுக்குச் சூடு உறைக்காது; கொப்பளம் வந்த பிறகுதான் தெரியும். ‘கரண்ட் வைக்கிறது’ என்று நம் ஊரில் சொல்கிறார்களே, அந்த மெஷின்களுக்கு முன்னால் ‘நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறதா, உடம்பில் பிளேட் வைத்திருக்கிறதா’ என்று கேட்காமல் ஸ்விட்சைத் தொடக் கூடாது. பிசியோ ஏற்கெனவே கேட்டிருப்பார்; இவளும் கேட்க வேண்டும்.

பக்கவாதம் வந்தவரைக் கட்டிலிலிருந்து எழுப்புவதைப் பாருங்கள். வீட்டார் பாசத்தில் விழுந்துபோன கையைப் பிடித்துத் தூக்குவார்கள். அந்தத் தோளில் தசைகள் தளர்ந்துபோயிருப்பதால் மூட்டு நழுவும், அப்புறம் மாதக்கணக்கில் தோள்வலி. பழகிய டெக்னீஷியன் கையைத் தொடாமல், இடுப்பில் பெல்ட்டைக் கட்டி, தன் முழங்காலை மடக்கி நின்று எழுப்புவார். தன் முதுகையும் அவர்தானே காப்பாற்றிக்கொள்ள வேண்டும்! நாள் முழுக்க நின்றபடி வேலை. நகம் வளர்க்க முடியாது. வலியில் சிடுசிடுக்கும் தாத்தாவிடம் பத்தாவது முறையும் பொறுமையாக ‘இன்னும் ஒரு தடவை’ என்று சொல்ல வேண்டும். நர்சிங் வேண்டாம் என்பதற்குக் காரணம் நைட் டியூட்டி என்றால் இது ஒத்துவரலாம். மற்றவர் உடம்பைத் தொடவே கூச்சம் என்றால் இதுவும் ஒத்துவராது.

வேலை கிடைக்குமா என்றால், கிடைக்கும். முட்டி ஆபரேஷன் செய்யும் மருத்துவமனைகள், எலும்பு கிளினிக்குகள், முதியோர் இல்லங்கள் எல்லாம் ஆள் தேடுகின்றன. 2021 ஆகஸ்டில் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் தொடங்கிய பிறகு, பிசியோ வீட்டுக்கே வருவதைக் கிராமத்திலும் பார்த்துவிட்டார்கள். பெண் நோயாளிகள் பெண் உதவியாளரைத்தான் கேட்பார்கள், அது மகளுக்குச் சாதகம். சம்பளம் தொடக்கத்தில் குறைவுதான். சென்டர் சொல்லும் தொகையை நம்பாமல் உங்கள் ஊரில் இரண்டு மருத்துவமனையில் நேரில் விசாரியுங்கள். அரசு மருத்துவமனை பிசியோதெரபிஸ்ட் பணிக்கு இந்தச் சான்றிதழ் போதாது, அதற்குப் பட்டம் வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், பயாலஜி குரூப் படித்த பிள்ளை முதலில் பி.பி.டி.க்கு விண்ணப்பிக்கட்டும். இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் கையில் இருப்பதால் அந்தக் கதவு அவளுக்குத் திறந்திருக்கிறது. காமர்ஸ் படித்த பிள்ளைக்கு அது இல்லை. சென்னை கே.கே. நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையத்திலும் திருச்சியிலும் அரசு இடங்கள் உண்டு. விதிகள் மாறிக்கொண்டே இருப்பதால் இந்த ஆண்டின் தகவல் கையேட்டையே பாருங்கள், அண்ணன் மகன் சேர்ந்த வருடக் கதை உதவாது.

இடம் கிடைக்கவில்லை, அல்லது வீட்டுக்கு உடனே ஒரு வருமானம் தேவை என்றால் டெக்னீஷியன் படிப்பு தப்பில்லை. ஐ.டி.ஐ. திட்டத்திலேயே பிசியோதெரபி டெக்னீஷியன் என்று ஓராண்டுப் பிரிவு இருக்கிறது, பத்தாம் வகுப்பு போதும், எல்லா ஐ.டி.ஐ.யிலும் கிடையாது, மாவட்டத் திறன் பயிற்சி அலுவலகத்தில் கேளுங்கள். தனியார் சென்டர் என்றால் சான்றிதழைக் கொடுப்பது யார், எந்த மருத்துவமனையில் எத்தனை மாதம் நேரடிப் பயிற்சி என்பதை எழுத்தில் வாங்குங்கள். பொம்மையையும் சார்ட்டையும் வைத்தே வருடத்தை ஓட்டும் இடம் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்று. நாலைந்து வருட அனுபவம் வந்ததும் சிலர் தனியாக ‘பிசியோ சென்டர்’ போர்டு மாட்டிவிடுகிறார்கள். 2021-இல் வந்த தேசிய துணைநிலை மற்றும் சுகாதாரத் தொழில்முறையினர் ஆணையச் சட்டப்படி, பிசியோதெரபி என்பது பதிவு பெற்றவர்கள் செய்ய வேண்டிய தொழில். அந்த ஆசையை யாராவது இப்போதே காட்டினால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

அடுத்த வாரம் பக்கத்து மருத்துவமனையின் பிசியோ பிரிவில் அனுமதி கேட்டு, மகளை ஒரு காலைப்பொழுது உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். திரும்பி வந்து அவள் என்ன சொல்கிறாள் என்று எனக்கு எழுதுங்கள். சென்டர் கேட்கும் முன்பணத்தை அதுவரை கட்ட வேண்டாம்.