ஆகஸ்ட் 15-ல பொறந்த பொண்ணோட பர்த்டேவை 14-க்கு மாத்தலாமா?

முத்தியால்பேட்டைலருந்து ஒரு அம்மா எழுதியிருக்காங்க. பொண்ணு மூணாவது படிக்கிறா, பொறந்தது ஆகஸ்ட் 15. ஸ்கூல்ல கொடியேத்தி எல்லாருக்கும் மிட்டாய் குடுத்து பத்து மணிக்கே அனுப்பிடறாங்க, ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் லீவுக்கு ஊருக்குப் போயிடறாங்க, எனக்கு பர்த்டேவே இல்லன்னு அழுறாளாம். 14-ஆம் தேதியே கொண்டாடிடலாமான்னு கேக்குறாங்க.

வேணாங்க, தேதியை மாத்தாதீங்க. இன்னொண்ணு, "நாடே உனக்காகத்தான் கொடியேத்துது"ன்னு வீட்ல பெரியவங்க சொல்றதா எழுதியிருக்கீங்களே, அதையும் நிறுத்திடுங்க. எட்டு வயசு பிள்ளைக்கு அது நிஜம் இல்லன்னு நல்லாவே தெரியும், சமாதானப்படுத்த சொல்றது கடைசில அவளை இன்னும் தனியா விட்டுடும்.

அதுக்குப் பதிலா அந்த நாள்ல யார் யார் இருக்காங்கன்னு அவளுக்கு காட்டுங்க, அதுக்கு நம்ம பாண்டிச்சேரி மாதிரி ஒரு ஊர் கிடைக்காது. அரவிந்தர் பொறந்தது 1872 ஆகஸ்ட் 15, கல்கத்தாவுல. 1910-ல இங்க வந்தவரு கடைசி வரைக்கும் இங்கயேதான் இருந்தாரு. அவரோட 75-வது பிறந்தநாள் அன்னைக்குத்தான் இந்தியாவுக்கு சுதந்திரம் கிடைச்சுது, ஆனா அவர் இருந்த இந்த ஊர் அன்னைக்கு பிரெஞ்சுக்காரங்க கையில இருந்துது! நிர்வாகம் நம்மகிட்ட வந்தது 1954 நவம்பர் 1, சட்டப்படி இணைஞ்சது 1962 ஆகஸ்ட் 16, அதாவது உங்க பொண்ணு பர்த்டேக்கு மறுநாள். இப்பவும் 15-ஆம் தேதி ஆசிரமத்துல தரிசன நாள், அரவிந்தர் ரூமைப் பாக்க எங்கெங்கிருந்தோ வந்து வரிசைல நிக்கிறாங்க. அதே நாள்தான் மாதாவோட விண்ணேற்புத் திருநாளும், நெல்லித்தோப்பு கோயில்ல விசேஷம். காலைல கொடியேத்தி முடிஞ்சதும் அவளைக் கூட்டிட்டு ரெண்டு இடத்துக்கும் போய்ட்டு வாங்க. வளர வளர நெப்போலியன் 1769-ல அதே தேதில பொறந்ததையும், 1945-ல கொரியா ஜப்பான்கிட்டருந்து விடுபட்டது அதே தேதின்னும் சொல்லுங்க, ஜப்பான் சரணடைஞ்ச அந்த நாளை மனசுல வச்சுத்தான் மவுண்ட்பேட்டன் நமக்கும் 15-ஐ தேர்ந்தெடுத்தாருங்கறது ரொம்ப பேருக்குத் தெரியாது.

ஆனா இதெல்லாம் பெரியவங்க கதை, அவளுக்கு வேண்டியது கூட விளையாட ஆள். 23 பேர் இருந்தாலே அதுல ரெண்டு பேருக்கு ஒரே பர்த்டே வர பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்குன்னு கணக்கு சொல்லுது, ஆயிரம் பிள்ளைங்க படிக்கிற ஸ்கூல்னா ஒரு தேதிக்கு சராசரியா ரெண்டு மூணு பேர் வருவாங்க. அதனால டீச்சர்கிட்ட பேசி, 15-ல பொறந்த வேற பிள்ளைங்க யாராவது இருக்காங்களான்னு விசாரிங்க, இருந்தா அவங்களுக்கும் இதே வருத்தம் இருக்கும், சாயங்காலம் அஞ்சு மணிக்கு எல்லாரையும் கூப்பிட்டு எல்லார் பேரும் எழுதின ஒரே கேக்கை வெட்டுங்க. யாரும் கிடைக்கலன்னா தெருப்பிள்ளைங்க போதும், அந்த அஞ்சு மணி மட்டும் எந்த வருஷமும் மாறக்கூடாது.

ஊருக்குப் போன ஃப்ரெண்ட்ஸுக்கு வேணா ஆடி மாசத்துல அவ ஜென்ம நட்சத்திரம் வர்ற நாளைப் பாருங்க, அது வருஷா வருஷம் தேதி மாறும், பெரும்பாலும் 15-ல வராது. அன்னைக்கு கோயில்ல அவ பேருக்கு அர்ச்சனை பண்ணிட்டு, ஃப்ரெண்ட்ஸை வீட்டுக்கு சாப்பிடக் கூப்பிடுங்க.