ஹைப்ரிட் காரில் சவுண்ட் சிஸ்டம்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என்னுடையது டொயோட்டா ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைப்ரிட். "உங்க வண்டியில 177 வோல்ட் பேட்டரியே இருக்கு சார், எவ்வளவு பெரிய ஆம்ப் வேணும்னாலும் போடலாம்" என்கிறார் ஆடியோ கடைக்காரர். நம்பலாமா?
– வாசகர், சேலம்

நம்ப வேண்டாம். அந்த 177.6 வோல்ட் லித்தியம் பேட்டரி வண்டியை ஓட்டும் மின்மோட்டாருக்கானது. ஹெட் யூனிட் (டேஷ்போர்டில் உள்ள மியூசிக் சிஸ்டம்), ஹெட்லைட், ஏர்பேக், பிரேக் கட்டுப்பாட்டுக் கணினி எல்லாம் ஓடுவது தனியாக இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரியில். நீங்கள் போடப்போகும் ஆம்பும் (ஆம்ப்ளிஃபயர்) அதில்தான் தொங்கும்.

சாதாரண காரில் 12 வோல்ட் பேட்டரியை ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யும். உங்கள் வண்டியில் ஆல்டர்னேட்டர் கிடையாது. டிசி-டிசி கன்வெர்ட்டர் என்ற மின்னணுப் பெட்டி பெரிய பேட்டரியின் வோல்டேஜை 14 வோல்ட் அளவுக்கு இறக்கி, 12 வோல்ட் பக்கத்துக்குக் கொடுக்கிறது. அது எவ்வளவு ஆம்பியர் தரும் என்பது வண்டியின் சொந்தத் தேவைக்குக் கணக்குப் போட்டு வைத்தது. அந்த அளவை மாற்ற முடியாது. ஆல்டர்னேட்டரைப் பெரிதாக மாற்றுவது போன்ற பழைய வித்தை எதுவும் இங்கே செல்லாது.

12 வோல்ட் பேட்டரியும் சிறியதுதான். இன்ஜினைச் சுழற்றும் வேலை அதற்கு இல்லை. கணினிகளை எழுப்பி, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை மூடினால் போதும். ஆனால் அந்த ரிலே மூடவில்லை என்றால், பெரிய பேட்டரியில் சார்ஜ் நிறைய இருந்தும் வண்டி அசையாது.

சில கடைகளில் பெரிய பேட்டரியிலிருந்தே நேராக ஒயர் இழுக்கும் யோசனை வருகிறது. அது உயிரோடு விளையாட்டு. ஆரஞ்சு நிற உறை போட்ட எந்த ஒயரையும், ஆரஞ்சு கப்ளரையும் தொடக்கூடாது, அவற்றோடு சேர்த்து டேப் சுற்றவும் கூடாது. உயர் வோல்டேஜ் சுற்று பாடியோடு எங்கும் சேராமல் தனியே மிதக்கும்படி அமைக்கப்பட்டது. கணினி அதைக் கண்காணித்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் கசிவு தெரிந்தாலும் இன்சுலேஷன் கோளாறு என்று பிழைக் குறியீடு பதிவாகும். அணைத்துவிட்டு மறுபடி 'ரெடி'க்கு (ஓட்டத் தயாரான நிலைக்கு) வர மறுக்கும் வண்டிகளும் உண்டு.

கேள்வி: அப்படியானால் எத்தனை வாட் வரை போகலாம்? பெட்டியிலேயே 1000 வாட், 2000 வாட் என்று போட்டிருக்கிறதே?
– வாசகர், நாகர்கோவில்

பெட்டியில் உள்ளதை விடுங்கள், ஆம்பின் ஃபியூஸைப் பாருங்கள். 15 ஆம்பியர் ஃபியூஸ் என்றால் உள்ளே போவதே 13.8 × 15 = 207 வாட். கிளாஸ்-டி ஆம்ப் அதில் சுமார் 80 சதவீதத்தை ஒலியாக்கும், அதாவது 165 வாட். கிளாஸ்-ஏபி என்றால் பாதிதான் தேறும், மீதி சூடாகப் போகும். ஆகவே '1000 வாட்' சீட்டடி சப்வூஃபர் ஒன்று 15 ஆம்பியர் ஃபியூஸோடு வந்தால் அதன் உண்மை உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நீங்கள் பார்க்க வேண்டிய எண் ஆர்.எம்.எஸ். வாட் (ஆம்ப் தொடர்ந்து தரக்கூடிய அளவு) மட்டுமே. ஹைப்ரிட்டுக்கு கிளாஸ்-டி தவிர வேறு வாங்காதீர்கள்.

நாங்கள் சொல்லும் அளவு: நான்கு சேனலுக்கு தலா 50 வாட், கூடவே 150 வாட் சீட்டடி சப்வூஃபர். மொத்தம் 350 வாட். உச்சத்தில் 350 ÷ 0.8 ÷ 13.8 = சுமார் 32 ஆம்பியர். பாட்டு ஓடும்போது சராசரி இழுவை இதில் மூன்றில் ஒரு பங்குக்குள் அடங்கும். இதை நல்ல நிலையில் உள்ள 12 வோல்ட் பேட்டரி தாங்கும். 500 வாட்டுக்கு மேல் வேண்டும் என்பவர் ஹைப்ரிட்டை விட்டுவிட்டு வேறு வண்டியில் கனவு காணலாம்.

எங்கே இடிக்கும் என்று தெரிய வேண்டுமா? இரவு, மழை, வைப்பர், புளோயர், ஹெட்லைட் எல்லாம் ஓடுகின்றன. பார்க்கிங்கில் நின்ற இடத்திலேயே ஸ்டீயரிங்கைத் திருப்புகிறீர்கள். எலக்ட்ரிக் பவர் ஸ்டீயரிங் அந்த நொடியில் பல பத்து ஆம்பியர் இழுக்கும். அதே நேரம் பாட்டில் பேஸ் அடித்தால் ஹெட்லைட் மங்கும். இதையே சோதனையாக வைத்துக்கொள்ளுங்கள்: 12 வோல்ட் பேட்டரியில் மல்டிமீட்டரை மாட்டி, 'ரெடி' நிலையில் எல்லாவற்றையும் ஓடவிட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பச் சொல்லுங்கள். 13 வோல்ட்டுக்குக் கீழே அடிக்கடி விழுந்தால் ஆம்பின் அளவு அதிகம்.

கேள்வி: ஆம்புக்கு ஒரு ஃபாரட் கெப்பாசிட்டர் போட்டால் சரியாகுமா?
– வாசகர், புதுச்சேரி

ஆகாது. கண நேர இழுவையைக் கொஞ்சம் மட்டுப்படுத்தும், சராசரிச் சுமையை ஒரு ஆம்பியர்கூடக் குறைக்காது. அந்தப் பணத்தில் நல்ல செம்பு ஒயர் வாங்குங்கள்.

கேள்வி: '4 கேஜ் ஒயரிங் கிட்' ஒரே கடையில் மூன்று விலையில் இருக்கிறது. எதை வாங்குவது?
– வாசகர், திருச்சி

கேஜ் என்பது ஒயர் தடிமனின் அளவு, எண் குறையக் குறையத் தடிமன் கூடும். மலிவானது பெரும்பாலும் அலுமினியத்தின் மேல் செம்பு பூசியது. பிளேடால் ஒரு இழையைச் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம். செம்பைவிட லேசாகவும் இருக்கும். ரப்பர் உறையைத் தடிமனாக்கி உள்ளே இழையைக் குறைத்து வைக்கும் ரகமும் உண்டு. நிஜமான 4 கேஜ் என்றால் உலோகத்தின் பரப்பு 21 சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும்.

ஏன் இவ்வளவு கறார்? 12 வோல்ட் பேட்டரி பானெட்டுக்குள் இருந்து, ஆம்ப் டிக்கியில் இருந்தால் ஐந்து மீட்டர் ஒயர் போகும். 40 ஆம்பியர் இழுக்கும்போது 8 கேஜ் செம்பில் 0.4 வோல்ட் வழியிலேயே தொலையும். 4 கேஜ் செம்பில் 0.16 வோல்ட்தான். அதே 8 கேஜ் அலுமினியக் கலப்பில் 0.6 வோல்ட்டைத் தாண்டும், முனையில் சூடும் ஏறும். பேட்டரியே டிக்கியில் இருக்கும் மாடல் என்றால் ஒன்றரை மீட்டருக்கு 8 கேஜ் செம்பே போதும்.

ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவிலிருந்து 45 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அது ஆம்பைக் காப்பாற்ற அல்ல, ஒயரைக் காப்பாற்ற. ஒயர் எங்காவது தகட்டில் உரசி உறை கிழிந்தால் தீப்பிடிக்கும் முன் அது போக வேண்டும். மேலே சொன்ன 350 வாட்டுக்கு 4 கேஜில் 50 ஆம்பியர் ஃபியூஸ். ஃபயர்வாலை (இன்ஜின் பகுதிக்கும் கேபினுக்கும் இடையே உள்ள தகட்டை) தாண்டும் இடத்தில் ரப்பர் புஷ் கட்டாயம்.

கேள்வி: ஆம்ப் போட்டபின் இரண்டு நாள் ஓட்டாமல் விட்டால் வண்டி எழுவதில்லை. 12 வோல்ட் பேட்டரியை மாற்றியும் பார்த்துவிட்டேன்.
– வாசகி, மதுரை

பேட்டரி மேல் பழி வேண்டாம். ஆம்பை விழிக்கச் செய்யும் ரிமோட் ஒயரை, எப்போதும் மின்சாரம் உள்ள ஒயரில் யாரோ முறுக்கியிருக்கிறார்கள். பாட்டே இல்லாமல் விழித்திருக்கும் ஆம்ப் 0.8 ஆம்பியர் இழுத்தால் 45 ஆம்பியர்-மணி பேட்டரி 56 மணி நேரத்தில் காலி.

உறுதிசெய்ய: கதவைத் திறந்து வைத்து, பூட்டின் கொக்கியை ஸ்க்ரூடிரைவரால் தள்ளி மூடிய நிலைக்குக் கொண்டுவாருங்கள். சாவியைத் தூர வையுங்கள். அரைமணி நேரம் கழித்து டிசி கிளாம்ப் மீட்டரை பேட்டரியின் நெகட்டிவ் கேபிளில் மாட்டிப் பாருங்கள். 50 மில்லிஆம்பியருக்குள் இருந்தால் சரி. அரை ஆம்பியர் காட்டினால் ஆம்பின் ஃபியூஸைப் பிடுங்குங்கள். எண் சட்டென்று இறங்கினால் குற்றவாளி அதுதான். ரிமோட் ஒயரை, வண்டியை அணைத்ததும் மின்சாரம் நிற்கும் ஆக்ஸசரி லைனுக்கு மாற்றச் சொல்லுங்கள்.

அதுவரை ஜம்ப் ஸ்டார்ட் செய்ய நேர்ந்தால் கையேட்டில் காட்டிய முனையில் மட்டும் செய்யுங்கள். பாசிட்டிவ், நெகட்டிவ் மாறிவிட்டால் டிசி-டிசி கன்வெர்ட்டர் வரை சேதம் போகலாம்.

கேள்வி: இன்ஜின் ஓடாதபோது வண்டியில் உட்கார்ந்து பாட்டுக் கேட்கலாமா?
– வாசகர், ஈரோடு

பிரேக்கை மிதிக்காமல் பட்டனை அழுத்தினால் வருவது ஆக்ஸசரி நிலை. அதில் கன்வெர்ட்டர் தூங்குகிறது, 12 வோல்ட் பேட்டரி மட்டும் கரைகிறது. கேட்பதானால் பிரேக்கை மிதித்து 'ரெடி' வரவைத்து, 'பி' கியரில் வைத்துக் கேளுங்கள். ஒரே எச்சரிக்கை: 'ரெடி'யில் சார்ஜ் குறைந்ததும் இன்ஜின் தானாக எழும். ஷட்டர் இறக்கிய ஷெட்டுக்குள் இது கூடவே கூடாது. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

கேள்வி: ஆக்சிலரேட்டரை மிதித்தால் ஸ்பீக்கரில் 'ஙீ' என்று ஒரு சத்தம் ஏறி இறங்குகிறது.
– வாசகர், சென்னை

முதலில் ஆடியோவை முழுதாக அணைத்துவிட்டு அதே வேகத்தில் ஓட்டுங்கள். அப்போதும் கேட்டால் அது மோட்டாரும் இன்வெர்ட்டரும் போடும் இயல்பான சத்தம், ஸ்பீக்கருக்குச் சம்பந்தமில்லை.

அணைத்ததும் நின்றால், ஆம்பில் ஆர்சிஏ ஒயர்களை (பாட்டின் சிக்னலைக் கொண்டுவருபவை) கழற்றிவிட்டு மறுபடி ஓட்டுங்கள். சத்தம் போய்விட்டால் கோளாறு ஆம்புக்கு முன்னால்: சிக்னல் ஒயர் பவர் ஒயரோடு ஒரே பள்ளத்தில் ஓடுகிறது, அல்லது உயர் வோல்டேஜ் கேபிள் போகும் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. பவர் ஒரு பக்கச் சில் (கதவுக்கு அடியில் உள்ள விளிம்பு) வழியாக, சிக்னல் மறுபக்கச் சில் வழியாகப் போகட்டும். முறுக்கிய இணை ஒயர் உள்ள ஆர்சிஏ வாங்குங்கள்.

கழற்றியும் சத்தம் இருந்தால் எர்த்தைப் பாருங்கள். பெரும்பாலும் இதுதான். பெயின்ட்டின் மேலேயே ஸ்க்ரூவைப் போட்டிருப்பார்கள். வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, போல்ட்டும் நட்டுமாக இறுக்கி, மேலே துருத் தடுப்புப் பூச வேண்டும். கடல் காற்றுள்ள ஊரில் பூசாவிட்டால் சீக்கிரமே பச்சை பூக்கும். சீட் பெல்ட் போல்ட்டை எர்த்தாகப் பயன்படுத்தவே கூடாது. சரிபார்க்க, பாட்டை உரக்க வைத்து, ஆம்பின் எர்த் முனைக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையே வோல்ட் பாருங்கள். 0.1-க்கு மேல் என்றால் எர்த் மோசம்.

ஹெட் யூனிட்டைக் கழற்றி எறிந்து ஆண்ட்ராய்டு திரை மாட்டும் யோசனை இருந்தால் கைவிடுங்கள். ரிவர்ஸ் கேமரா, எனர்ஜி மானிட்டர் எல்லாம் அதோடு பின்னிக் கிடக்கும். ஹை-லெவல் இன்புட் (ஸ்பீக்கர் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்கும் வசதி) உள்ள டிஎஸ்பி ஆம்ப் (ஒலியை டிஜிட்டலாகச் சரிசெய்யும் ஆம்ப்) ஒன்றை கம்பெனி ஹெட் யூனிட்டுக்குப் பின்னால் சேர்ப்பதே சுத்தமான வழி.

கேள்வி: ஆம்ப் எல்லாம் வேண்டாம், நான்கு கதவு ஸ்பீக்கர் மட்டும் மாற்ற நினைக்கிறேன். எதில் கவனம் வேண்டும்?
– வாசகர், தஞ்சாவூர்

நல்ல முடிவு. முதலில் பழைய ஸ்பீக்கரின் ஓம் அளவைப் பாருங்கள். 4 ஓம் இருந்த இடத்தில் 2 ஓம் போட்டால் ஹெட் யூனிட் சூடாகி வெட்டும். 2 ஓம் இருந்த இடத்தில் 4 ஓம் போட்டால் ஒலி அடங்கிப்போகும். கம்பெனியே பிராண்டட் சிஸ்டம் கொடுத்த டாப் மாடல்களில் புது ஸ்பீக்கர் 'சப்'பென்று ஒலிப்பதற்கு இதுவே பல நேரம் காரணம்.

வேலை தொடங்கும் முன் பவரை அணைத்து, 12 வோல்ட் நெகட்டிவைக் கழற்றி, பத்து நிமிடம் விடுங்கள். ஏர்பேக் சுற்று அடங்கக் குறைந்தது 90 விநாடி வேண்டும். மஞ்சள் கப்ளர்களைத் தொடாதீர்கள். 12 வோல்ட் பேட்டரி டிக்கியில் இருக்கும் வண்டியில் இன்னொன்று: கழற்றிய பின் டிக்கியை மூடிவிடாதீர்கள். எலக்ட்ரிக் பூட்டு என்றால் வெளியிலிருந்து திறக்காது. அப்புறம் சீட்டைச் சாய்த்து உள்ளே தவழ வேண்டியிருக்கும்.

சில மாடல்களில் பக்கவாட்டு மோதலை உணரும் பிரஷர் சென்சார் முன் கதவுக்குள்ளேயே இருக்கும். கதவுத் தகட்டை வெட்டிப் பெரிய ஸ்பீக்கர் போடுவது அதைக் குழப்பும். அதே அளவு ஸ்பீக்கரையே போடுங்கள். ஸ்பேசர் வளையம் பிளாஸ்டிக்காக இருக்கட்டும். எம்டிஎஃப் பலகை ஒரு ஐப்பசி மழைக்கே ஊதிவிடும். கண்ணாடியை முழுதாக இறக்கி, காந்தம் இடிக்கிறதா என்று பார்த்தபிறகே திருகுங்கள். உள்ளே ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளைக் கிழித்தால் மழைநீர் டோர் பேடுக்குள் வரும், அப்படியே பழையபடி ஒட்டுங்கள். அதிர்வைக் குறைக்கும் டேம்பிங் ஷீட் போடுவதானால் பியூட்டைல் மட்டும். தார் வகை நம்மூர் சித்திரை வெயிலில் உருகி வழியும். கதவின் அடியில் உள்ள நீர் வடியும் ஓட்டைகளை அடைக்க வேண்டாம்.

பாசிட்டிவ், நெகட்டிவ் குழப்பமா? ஒன்றரை வோல்ட் பென்சில் செல்லை ஸ்பீக்கரில் ஒரு நொடி தொடவையுங்கள். கோன் வெளியே வந்தால் செல்லின் பாசிட்டிவ் தொட்ட முனையே ஸ்பீக்கரின் பாசிட்டிவ்.

கேள்வி: டிக்கியில் சப்வூஃபர் பெட்டி வைக்கலாமா?
– வாசகர், வேலூர்

வைக்கலாம், பேட்டரியின் மூச்சை அடைக்காமல். காற்றால் குளிரும் ஹைப்ரிட் பேட்டரிகள் பயணிகள் பகுதியின் ஏசி காற்றையே இழுக்கும். அந்தத் துவாரம் பல வண்டிகளில் பின் சீட்டின் ஓரத்தில் இருக்கும். பெட்டி, போர்வை, பை எதுவும் அதை மறைக்கக்கூடாது. கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்றவற்றில் பேட்டரி டிக்கித் தரைக்கு அடியிலேயே இருக்கிறது. பெட்டியை நிறுத்தத் தரையில் டிரில் போடுவது என்ற பேச்சே வேண்டாம். ஏற்கெனவே உள்ள சாமான் கொக்கிகளில் பெல்ட் போட்டுக் கட்டுங்கள்.

கேள்வி: என்னுடையது மாருதியின் ஸ்மார்ட் ஹைப்ரிட் எர்டிகா. இதே விதிதானா?
– வாசகர், திருநெல்வேலி

உங்களுடையது மைல்ட் ஹைப்ரிட் (மோட்டார் இன்ஜினுக்கு உதவி மட்டும் செய்யும்), அதில் உயர் வோல்டேஜ் கிடையாது. ஆனால் பேட்டரியின் நெகட்டிவ் முனையில் கரன்ட் சென்சார் இருந்தால், ஆம்பின் எர்த்தை நேரே அந்த முனையில் மாட்டாதீர்கள். சென்சார் கண்ணில் படாமல் மின்சாரம் போகும், கணினியின் சார்ஜ் கணக்கு தப்பும், ஐடில் ஸ்டாப் (சிக்னலில் நின்றதும் இன்ஜினைத் தானாக அணைக்கும் வசதி) வேலை செய்யாமல் போகும். பாடியில் எர்த் கொடுங்கள்.

கேள்வி: வாரண்டி போய்விடுமா?
– வாசகி, கோவை

டொயோட்டா இங்கே ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி தருகிறது. அதைப் பணயம் வைக்கக் கூடாது. கம்பெனி ஒயரை வெட்டி ஒட்டும் கடையைத் தவிருங்கள். கப்ளருக்குக் கப்ளர் பொருந்தும் அடாப்டர் ஒயரிங்கைக் கேட்டு வாங்குங்கள், பிறகு கழற்றினால் தடம் இருக்காது. வேலைக்கு முன்னும் பின்னும் டீலரிடம் ஸ்கேன் எடுத்து, அச்சிட்ட தாளை வைத்துக்கொள்ளுங்கள். இன்சூரன்ஸில் இந்தச் சாமான்களை ஐ.எம்.டி. 24 என்ற பிரிவில் மின்சாதனங்களாகச் சேர்க்கலாம். பில் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள், ஆகவே ஜிஎஸ்டி பில் கொடுக்காத கடை எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் வேண்டாம்.