மாடிப்படிச் சுவரில் எதை மாட்டுவது? – கேள்வி பதில்

ஹாலில் இருக்கும் படத்தை உட்கார்ந்து பார்க்கிறோம். மாடிப்படியில் இருப்பதை, கையில் துணி வாளியோடு ஏறி இறங்கும்போது பார்க்கிறோம். இந்த முறை வந்த கேள்விகளுக்கெல்லாம் அதை நினைத்துக்கொண்டுதான் பதில் எழுதியிருக்கிறேன்.

வீட்டுக்குள் இருக்கும் மாடிப்படிக்கு ஒரே மாதிரி ஃப்ரேமில் ஏழு படங்கள் வாங்கிவிட்டேன். எந்த உயரத்தில் மாட்டுவது என்று வீட்டில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். – திருநெல்வேலி வாசகி

கீழ்த்தளத் தரையிலிருந்து அளப்பதால்தான் குழப்பம் வருகிறது. படியிலிருந்து அளங்கள். படியின் முன் விளிம்பில் டேப்பை நிறுத்தி, நாலே முக்கால் அடியில், அதாவது 57 அங்குலத்தில், சுவரில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். முதல் படியிலும் கடைசிப் படியிலும் இப்படிச் செய்து, இரண்டு புள்ளிகளுக்கும் நடுவே கொத்தனார் நூலை இழுத்துக் கட்டினால் படிகளின் சாய்வு அப்படியே சுவரில் கிடைத்துவிடும். படங்களின் நடுப்பகுதி அந்த நூலில் வரவேண்டும்.

இடைவெளிக்கும் படிகளையே கணக்காக வைத்துக்கொள்ளலாம். படியின் அகலம் 10 அங்குலம், உயரம் 7 அங்குலம் என்றால், இரண்டு படிக்கு ஒரு படம் வைக்கும்போது அடுத்த படம் 20 அங்குலம் தள்ளி, 14 அங்குலம் மேலே வரும். 12 அங்குல அகல ஃப்ரேமுக்கு நடுவே 8 அங்குலம் காலியாக இருக்கும். அது போதும். ஏழும் அடங்கவில்லையா, ஐந்தோடு நிறுத்துங்கள். மீதி இரண்டுக்கு வேறு சுவர் கிடைக்கும்.

ஆணி அடிக்கும் முன் பழைய செய்தித்தாளை ஃப்ரேம் அளவுக்கு வெட்டி, டேப்பால் ஒட்டி, இரண்டு நாள் அப்படியே விடுங்கள். ஏறும்போது சரியாகத் தெரிவது இறங்கும்போது இடிக்கலாம். அப்புறம், ஆணி வரும் இடம் படத்தின் நடு அல்ல. பின்பக்கக் கம்பியை விரலால் இழுத்துப் பிடித்து, அது ஃப்ரேமின் மேல் விளிம்பிலிருந்து எவ்வளவு கீழே நிற்கிறது என்று அளந்து, ஃப்ரேமின் பாதி உயரத்திலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். மீதி எவ்வளவோ, நூலுக்கு அவ்வளவு மேலே ஆணி வரும். சுவிட்ச் பெட்டிக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் போடவே வேண்டாம். ஒயர் பெரும்பாலும் அந்தக் கோட்டில்தான் போகும்.

மாமியார் கொடுத்த தஞ்சாவூர் ஓவியம் ஒன்று இருக்கிறது. படி திரும்பும் இடத்தில், ஜன்னலுக்கு எதிரே மாட்டலாமா? – கோயம்புத்தூர்

எதிரே வேண்டாம். தஞ்சாவூர் ஓவியம் வெறும் வர்ணம் மட்டும் இல்லை. பலகையின் மேல் துணி, அதன் மேல் சுண்ணப் பூச்சு, அதில் எழும்பி நிற்கும் வேலைப்பாடு, கல், தங்க ரேக்கு என்று அடுக்கடுக்காக இருக்கும் பொருள். வெயில் பட்டால் வர்ணம் மங்கும். ஓதம் ஏறினால் பலகை வளையும், பூச்சு வெடித்து உதிரும். மழை நேரடியாக அடிக்கும் வெளிச்சுவரின் உள்பக்கமும் அதற்கு ஆகாது. அறைகளுக்கு நடுவே வரும் உள்சுவரில் மாட்டுங்கள். கனமாக இருக்கும் என்பதால் ஒரே ஆணியை நம்பாமல் இரண்டு கொக்கி போடுங்கள். லைட்வெயிட் பிளாக் சுவராக இருந்தால் டிரில் போடுபவரிடம் முன்பே சொல்லிவிடுங்கள். அதற்குத் தனி பிளக் வேண்டும்.

செட்டிநாட்டு வீடுகளில் உயரத்தில் இருக்கும் படங்கள் முன்பக்கம் கொஞ்சம் குனிந்தாற்போல் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். கீழே நிற்பவர் முகத்துக்கு நேராகப் படம் வரும், கண்ணாடியில் விளக்கு பளிச்சிடுவதும் குறையும். மாடிப்படியில் நிமிர்ந்து பார்க்கும் படத்துக்கு இது அருமையான ஏற்பாடு. கம்பியை ஃப்ரேமின் பின்னால் கொஞ்சம் கீழே இறக்கிக் கட்டினாலே சாய்வு வந்துவிடும். மஞ்சள் வெளிச்சம் தரும் சிறிய எல்.இ.டி. விளக்கை மேலே ஒரு ஓரமாக வையுங்கள். நீங்கள் ஏற ஏறத் தங்க ரேக்கு மினுங்கும் இடம் மாறிக்கொண்டே வரும்!

சாமி படத்தை மாடிப்படியில் மாட்டக்கூடாது என்கிறார் என் அப்பா. சரியா? – மதுரை

படத்துக்கு மேலே மனிதர் கால் நடமாடும் என்பதுதான் அவர் மனதில் இருக்கும் சங்கடம். பாதியில் திரும்பி மேலே ஏறும் இரட்டை மடிப்புப் படியில் அது உண்மையும்கூட. பெரியவர் மனம் நோக வேண்டாம். அன்னம், தாமரை, கோபுரக் கோட்டோவியம் என்று எத்தனையோ இருக்கின்றன. சாமி படம் கூடத்திலேயே இருக்கட்டும்.

தாத்தா காலத்துக் கறுப்பு வெள்ளைப் படங்களைப் படி நெடுக மாட்ட ஆசை. சில படங்கள் ரொம்பச் சின்னவை. ஒன்று கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டது. – காரைக்குடி

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. முதலில், ஒட்டிய படத்தைப் பிய்க்காதீர்கள். நனைத்தும் பார்க்காதீர்கள். முகம் கண்ணாடியோடு போய்விடும். கண்ணாடியோடு சேர்த்தே ஸ்கேன் செய்யலாம். அசல் எதையும் சுவரில் மாட்டாதீர்கள். வெயிலும் ஓதமும் படாத பெட்டியில் அசல் இருக்கட்டும், பிரதி சுவருக்கு வரட்டும்.

சின்னப் படத்தைப் போஸ்டர் அளவுக்கு இழுத்தால் முகம் கலங்கிவிடும். 2க்கு 3 அங்குலப் படத்தை 600 டி.பி.ஐ.யில் (அங்குலத்துக்கு 600 புள்ளி) ஸ்கேன் செய்து, 300இல் அச்சிட்டால் 4க்கு 6 அங்குலம் தெளிவாக வரும். அதை 12க்கு 16 ஃப்ரேமில் நடுவே வைத்து, சுற்றிலும் வெள்ளை மவுண்ட் அட்டை விடுங்கள். படியேறுகிறவர் நின்று, கிட்டப் போய்ப் பார்ப்பார். அட்டை அமிலமில்லாததா என்று கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று: ஓரத்தில் அழுத்தி எழும்பியிருக்கும் ஸ்டூடியோ முத்திரையை வெட்டிவிட வேண்டாம். பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். நான் ஃப்ரேம் போட்ட ஒரு கல்யாணப் படத்தின் பின்னால், மங்கிய நீல மையில் மாப்பிள்ளை பெயரும் தேதியும், அதற்குக் கீழே பென்சிலில் "வளையல் அக்காவுடையது" என்றும் இருந்தது. அந்த வரியையும் தனியே அச்சிட்டு, படத்துக்குப் பக்கத்திலேயே சின்ன ஃப்ரேமில் வைத்தோம்.

மூன்றடி அகலப் படி, இரண்டு குட்டிப் பையன்கள். – சென்னை

கண்ணாடி வேண்டாம், அக்ரிலிக் போதும். ஃப்ரேம் சுவரிலிருந்து ஒன்றரை அங்குலத்துக்கு மேல் துருத்தக்கூடாது. கைப்பிடி உயரத்துக்குக் கீழே எதையும் மாட்டாதீர்கள்.

வாடகை வீடு. நிறைய ஆணி அடிக்க விடமாட்டார்கள். – திருச்சி

ஒட்டும் பட்டைகள் டிஸ்டெம்பர் சுவரில் நிற்காது, வர்ணத்தோடு உரிந்து வரும். ஒரே ஒரு நீள மரச்சட்டத்துக்கு வீட்டுக்காரரிடம் அனுமதி கேளுங்கள். மூன்று திருகாணியில் நிற்கும் அந்தச் சட்டத்திலிருந்து கயிற்றில் நாலைந்து படங்கள் தொங்கவிடலாம்.

அச்சுப் படம் வேண்டாம், ஓவியர் கைப்பட்டது வேண்டும். ஆனால் பட்ஜெட் சின்னது. – புதுச்சேரி

நல்ல ஆசை. சென்னையிலும் கும்பகோணத்திலும் இருக்கும் அரசு கவின்கலைக் கல்லூரிகளில் மாணவர் கண்காட்சி நடக்கும்போது போய்ப் பாருங்கள். 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமம் உங்களுக்கு ஈ.சி.ஆர். வழியிலேயே இருக்கிறது. எண்ணெய் ஓவியம் கட்டுப்படியாகாவிட்டால் எட்சிங் கேளுங்கள். ஓவியர் தன் கையால் கோடு போட்ட உலோகத் தகட்டில் மை தடவி எடுக்கும் படம் அது. கீழ் ஓரத்தில் பென்சிலால் 3/25 என்று எழுதியிருந்தால், அச்சுத் தகட்டிலிருந்து எடுத்த 25 பிரதிகளில் மூன்றாவது என்று பொருள். எதிர் ஓரத்தில் ஓவியரின் கையெழுத்து இருக்கும். மவுண்ட் அட்டை அந்த இரண்டையும் மறைக்காதபடி ஃப்ரேம்காரரிடம் சொல்லிவிடுங்கள்.