ஊராரின் மூட்டைப் பணத்தை நான் வசூலித்துக் கொடுக்கலாமா?

கேள்வி: நீடாமங்கலம் பக்கத்தில் நான்கு ஏக்கரில் குறுவை சாகுபடி செய்தேன். 230 மூட்டை நெல்லை அரசு நெல் கொள்முதல் நிலைய வாசலில் கொட்டி ஒன்பது நாள் காத்திருந்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்ததால், நிலையத்தில் மூட்டைக்கு 40 ரூபாய் லஞ்சம் கேட்டதைக் கொடுத்து எடை போட்டேன். இப்போது அங்கே நடமாடும் தரகர் ஒருவர், எங்கள் தெருவில் பதினொரு பேரிடம் இந்தப் பணத்தை நானே வாங்கிக் கொடுத்தால், அடுத்து வரும் தாளடிப் பருவ நெல்லுக்கு என்னிடம் எதுவும் கேட்கமாட்டார்கள் என்கிறார். தெருக்காரர்களும் அலைச்சல் மிச்சம் என்று சம்மதிக்கிறார்கள். யாருக்கும் நஷ்டம் இல்லாத இந்தக் காரியத்தில் தவறு உண்டா?

பதில்: உங்கள் கடிதத்தில் இரண்டு செயல்கள் இருக்கின்றன. நீங்கள் பணம் கொடுத்தது ஒன்று. பிறரிடம் பணம் வாங்கிக் கொடுக்கப்போவது மற்றொன்று. இரண்டிலும் கைமாறுவது அதே நாற்பது ரூபாய்தான் என்பதால் இரண்டும் ஒன்றே என்று நினைத்துவிட்டீர்கள். முதலாவதற்காக நீங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இரண்டாவதை, பதினொரு பேரும் சேர்ந்து வந்து கேட்டாலும், செய்யாதீர்கள்.

நானும் நெல் விளைவித்த வீட்டில் பிறந்தவள்தான். மூன்றாம் நாள் மழை விட்டபின் குவியல்மேல் போட்ட படுதாவைத் தூக்கினால் முகத்தில் அடிக்கும் அந்தச் சூட்டையும் புளித்த வாடையையும், அடியில் கை விட்டு அள்ளினால் உள்ளங்கையில் வெள்ளை முளையோடு ஒட்டிக்கொண்டு வரும் நெல்லையும் பார்த்திருக்கிறேன். அந்த நிலையில் நிற்கிறவரிடம் போய் ‘லஞ்சம் கொடுப்பது பாவம்’ என்று மட்டும் சொல்லிவிட்டு வருவதை அற உபதேசமாக நான் கருதவில்லை. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே அரிஸ்டாட்டில் இதற்கு நெருக்கமான ஓர் உதாரணத்தைச் சொல்லியிருக்கிறார். புயலில் சிக்கிய கப்பலிலிருந்து சரக்கைக் கடலில் எறிகிறார்கள். சும்மா இருக்கும்போது அப்படிச் செய்ய எவரும் விரும்பமாட்டார். ஆனால் கப்பலில் உள்ளவர்களின் உயிர் தப்ப வேண்டும் என்றால் அறிவுள்ள எவரும் அதைத்தான் செய்வார். இத்தகைய செயலை அவர் முழு விருப்பத்தோடு செய்ததாகவும் கொள்ளவில்லை, முழுக் கட்டாயம் என்றும் தள்ளிவிடவில்லை. இரண்டும் கலந்தது என்றார். 9,200 ரூபாயை எண்ணிக் கொடுத்த அன்று நீங்கள் செய்ததும் அத்தகைய செயல்தான்.

ஆனால் இதற்கு ஓர் எல்லை உண்டு. 2011-இல் மத்திய அரசின் தலைமைப் பொருளாதார ஆலோசகராக இருந்த கௌசிக் பாசு, தமக்கு உரியதைப் பெறுவதற்காகவே கொடுக்க நேரும் லஞ்சத்தைத் தொல்லை லஞ்சம் என்று தனியாகப் பிரித்து, அதில் கொடுத்தவரைக் குற்றவாளியாக்கக் கூடாது என்று எழுதினார். அப்போது பெரிய விவாதமே நடந்தது. அவருடைய தீர்வை நான் ஏற்கவில்லை. அந்தப் பிரிவினையை ஏற்கிறேன். உங்கள் நெல் உங்கள் வயலில் விளைந்தது, அனுமதிக்கப்பட்ட 17 விழுக்காடு ஈரப்பதத்துக்குள் இருந்தது, உங்கள் முறையும் வந்துவிட்டது என்றால், உங்களுக்கு உரியதற்குத்தான் பணம் கொடுத்தீர்கள். ஈரப்பதம் கூடுதலாக இருந்த நெல்லைத் தள்ளிவிடவோ, முன்னால் நின்றவரைத் தாண்டிப் போகவோ கொடுத்திருந்தால், நீங்கள் விலைக்கு வாங்கியது அடுத்தவருடைய உரிமையை. இதில் எது நடந்தது என்பதைக் கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை. உங்களுக்குத் தெரியும்.

இனி, சட்டத்தில் உள்ள ஒரு விலக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லியாக வேண்டும். இதை அறியாமல் நல்ல மனிதர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டபோது, லஞ்சம் கொடுப்பவரும் நேரடியாகக் குற்றவாளி ஆனார். ஏழு ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கட்டாயத்தின்பேரில் கொடுத்தவருக்கு இதிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு சும்மா கிடைக்காது. பணம் கொடுத்த நாளிலிருந்து ஏழு நாளுக்குள் காவல் துறையிடமோ, லஞ்ச ஒழிப்புத் துறையிடமோ அதைத் தெரிவித்திருக்க வேண்டும். கிராம நிர்வாக அலுவலரிடம் வாய்மொழியாகச் சொன்னது போதாது. ஆட்சியர் அலுவலகத்தில் மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் எழுந்து பேசியதையும், அங்கே மனு கொடுத்து வாங்கிய ஒப்புகைச் சீட்டையும் இந்த ஏழு நாள் கணக்கில் நம்பியிருக்காதீர்கள். எழுத்தில் கொடுங்கள், தேதி போட்டுக் கொடுங்கள், பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தையோ முத்திரையையோ வாங்கிக்கொள்ளுங்கள், எட்டாம் நாள் வரை ‘பார்க்கலாம்’ என்று விடாதீர்கள். பணம் கொடுப்பதற்கு முன்பே போய்ச் சொல்லிவிட்டு, அந்தத் துறையின் விசாரணைக்கு உதவியாகக் கொடுப்பது இன்னும் பாதுகாப்பானது. அப்படிக் கொடுத்தவரைச் சட்டம் தொடாது. இந்தப் பதில் வெளியாகும்போது உங்களுக்கு அந்த ஏழு நாள் கடந்திருக்கும் என்பதால், கடிதம் கிடைத்த அன்றே தொலைபேசியில் இதைச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்காக மறுபடியும் எழுதுகிறேன். அறுவடை நாளில், வண்டி வாடகையும் இயந்திர வாடகையும் கொடுக்கத் தவிக்கிறவருக்கு ஏழே நாள் கெடு வைத்த சட்டம், நிலையத்தில் நெல்லை எத்தனை நாளுக்குள் எடை போட வேண்டும் என்பதில் அதே கண்டிப்பைக் காட்டவில்லையே என்று எனக்கு ஆறவில்லை.

இப்போது வசூலுக்கு வருவோம். ‘யாருக்கும் நஷ்டம் இல்லை’ என்கிறீர்கள். செயலை அதன் விளைவால் அளக்க வேண்டும் என்று சொன்ன ஆங்கிலத் தத்துவ அறிஞர் பெந்தம், ஒவ்வொருவரையும் ஓர் ஆளாகக் கணக்கில் எடு, எவரையும் விட்டுவிடாதே என்பதில் உறுதியாக இருந்தவர். உங்கள் கணக்கில் பதினொரு பேரும் நீங்களும் இருக்கிறீர்கள். கொடுக்கப் பணம் இல்லாமல் அதே வாசலில் குவியலுக்குக் காவல் படுத்திருக்கும் பதின்மூன்றாவது ஆள் இல்லை. நீங்கள் மொத்தமாகப் பணம் கட்டிய மறுநாள் அவருடைய முறை இன்னும் பின்னால் போகும். அடுத்த பருவத்தின் விலையும் உங்கள் கணக்கில் இல்லை. ஒரு தெருவே பேரம் பேசாமல் கட்டுகிறது என்று தெரிந்தபின் நாற்பது நாற்பதாகவே நிற்குமா? 2025–26 பருவத்தில் பொது ரக நெல்லுக்கு அரசின் கொள்முதல் விலை குவிண்டாலுக்கு, அதாவது நூறு கிலோவுக்கு, 2,500 ரூபாய். 40 கிலோ மூட்டைக்கு 1,000 ரூபாய் வருகிறது. அதில் நாற்பது போனால் நூற்றுக்கு நான்கு. உரத்துக்கும் ஆள்கூலிக்கும் கடன் வாங்கியவருடைய மிச்சத்தில் அது சிறிய தொகை அல்ல.

இன்னொன்று. உங்கள் நெல்லுக்குப் பணம் வாங்கமாட்டார்கள் என்பதை அந்தப் பதினொரு பேரிடம் சொன்னீர்களா? சொன்னதாகக் கடிதத்தில் இல்லை. பிறருடைய உரிமையைத் தொடும் ஒரு செயலின் நோக்கத்தை வெளிப்படையாகச் சொன்னால் அது நடக்காது என்றால், அந்தச் செயல் நியாயமற்றது என்று 1795-இல் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் காண்ட் ஒரு சோதனை வகுத்தார். தெருமுனையில் நின்று ‘நான் வசூலிக்கிறேன், அதற்குக் கூலியாக என் மூட்டைக்கு விலக்கு’ என்று உங்களால் சொல்ல முடிந்தால் சொல்லிப் பாருங்கள். சொன்ன பிறகு எத்தனை பேர் உங்கள் கையில் பணம் தருவார்கள்? அவர்கள் நம்புவது உங்களை. தரகர் விலை பேசியிருப்பது அந்த நம்பிக்கையை. சட்டமும் இந்த வேறுபாட்டை அறிந்தே இருக்கிறது. அரசுப் பணியாளரைத் தவறான வழியில் இணங்கவைப்பதற்காகப் பிறரிடம் பணம் பெறுகிறவருக்கு மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டு வரை சிறை என்று 2018 திருத்தம் தனிப் பிரிவே சேர்த்தது. ஏழு நாள் விலக்கு பணம் கொடுத்தவருக்குத்தான். வாங்கிக் கைமாற்றியவருக்கு இல்லை. நாளை வழக்கு என்று ஒன்று வந்தால், ‘எங்களிடம் வாங்கியது இவர்தான்’ என்று பதினொரு பேரும் காட்டப்போகும் ஆள் நீங்கள். தரகரின் பெயர் எதிலும் இருக்காது.

அந்தத் தரகரைப் பற்றி நீங்கள் எழுதிய ஒரே வரி என்னைக் கவலைகொள்ள வைக்கிறது, ஏனெனில் அவர் இத்தோடு நிற்கப்போவதில்லை. அடுத்து வந்து கேட்பது உங்கள் நில ஆவணங்களான சிட்டா, அடங்கலோடு ஆதார், வங்கிப் புத்தகம் ஆகியவற்றின் நகல்களாக இருக்கும். ‘உங்கள் பெயரில் கொஞ்சம் நெல் போட்டுக்கொள்கிறேன், பணம் உங்கள் கணக்குக்குத்தான் வரும், எடுத்துக் கொடுத்துவிட்டு மூட்டைக்கு இவ்வளவு வைத்துக்கொள்ளுங்கள்’ என்பார். வியாபாரி களத்து மேட்டில் அடிமாட்டு விலைக்கு வாங்கிய நெல், விவசாயியின் பெயரில் நிலையத்துக்குள் போகும் வழி இதுதான். வாசலில் உங்கள் குவியல் ஒன்பது நாள் கிடந்ததற்கு இத்தகைய நெல்லும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். நான்கு ஏக்கர்க்காரர் அறுநூறு மூட்டை விற்றதாகப் பதிவானால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர் யார்? வங்கிக் கணக்கில் பணம் வந்ததற்குச் சான்று இருக்கிறது. அதை நோட்டாக எடுத்துத் தரகரிடம் கொடுத்ததற்கு எந்தச் சான்றும் இல்லை. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒரு பெரியவர், நகல்தானே என்று கொடுத்துவிட்டு, பிறகு தம்முடைய சொந்த நெல்லைக் கொண்டுபோனபோது உங்கள் பரப்புக்கு உரிய அளவு ஏற்கெனவே முடிந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டார். மகள் திருமணத்துக்கு வைத்திருந்த நெல் அது. நகலையும் கொடுக்காதீர்கள். ஏற்கெனவே கொடுத்திருந்தால், உங்கள் பெயரில் எத்தனை மூட்டை பதிவாகியிருக்கிறது என்பதை நாளைக்கே நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

எடை போடும் இடத்தில் நிற்கிற சுமைதூக்கும் தொழிலாளியை நான் இதில் முதல் குற்றவாளியாக நிறுத்தவில்லை. மூட்டைக் கணக்கில் கூலி, பருவம் முடிந்தால் வேலை இல்லை, லாரி வராத நாளில் வருமானமும் இல்லை என்ற நிலையில் அவரை வைத்துவிட்டு, விவசாயியிடம் கை நீட்டாதே என்று சுவரில் மட்டும் எழுதி வைக்கிறார்கள். சாக்கும் லாரியும் கூரையும் நேரத்துக்கு வந்தால் இந்தப் பேரத்துக்கு வேலையே இருக்காது. அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை வரும் என்பது குறுவை நடும்போதே எல்லோருக்கும் தெரிந்ததுதானே! ஆண்டுதோறும் புதிதாக நடந்ததுபோல் இதைப் பேசிக்கொண்டிருப்பதற்கு எனக்குப் பொறுமை இல்லை.

தரகரிடம் சண்டை போட வேண்டாம். ‘ஊர்ப் பணத்தை நான் தொடுவதில்லை’ என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். பதினொரு பேரையும் ஒரு மாலை உட்காரவைத்து, உங்களுக்குச் சொல்லப்பட்ட சலுகை உள்பட எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். தாளடி அறுவடைக்கு முன்பே நிலையத்தில் யார் நெல் எந்தத் தேதியில் வந்தது, எப்போது எடை போட்டார்கள், யார் என்ன கேட்டார்கள் என்று எழுத ஒரு நாற்பது பக்க நோட்டை வாங்கி, உங்களில் கையெழுத்துத் தெளிவாக உள்ள ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பணம் கேட்கப்படும் அன்றே பன்னிரண்டு பேரும் கையெழுத்திட்டு லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போகும் மனுவுக்கு அந்த நோட்டின் பக்கங்களை இணைத்துக்கொள்ளலாம்.